கோல்பி தன் கையால் பூட்டிய துப்பாக்கி

“முதல் துப்பாக்கிய எவன் கடைக்காரிகிட்ட கேட்டு வாங்குறானோ, அவன் பொண்டாட்டியையும் கடைக்காரிகிட்ட கேட்டுத்தான் தேடுவான்.”

கோல்பி இதைச் சொன்னபோது ரொட்டியின் மேல் கிரேவி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அவன் சிரிக்கவில்லை. மனித குலத்தைப் பற்றிய தன் முடிவுகளை அவன் எப்போதும் சிரிக்காமல்தான் அறிவிப்பான். கடைக்காரியின் உதவியில்லாமல் அவன் தேடிக்கொண்ட பெண், என் அக்கா லோர்னா, மேசைக்கு எதிர்ப்பக்கம் பீன்ஸை மென்றுகொண்டிருந்தாள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. கல்யாணத் தேதியைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாவற்றைப் பற்றியும் அவனிடம் உறுதியான கருத்து இருந்தது.

பேச்சு இந்த உயரத்துக்குப் போனதற்குக் காரணம் கொயோட்டிகள். மிசூரியில் எங்கள் பக்கத்து மலைச்சரிவில் ஆடு வளர்க்கிறவர்கள் யாரும் அந்தப் பெயரைச் சாப்பாட்டு மேசையில் எடுக்க விரும்புவதில்லை. நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது, இரண்டையும்விடப் புத்திசாலி. அக்காவின் ஆடுகள் குட்டி போடும் மாதம் அது. அப்பா விட்டுப்போன ஒற்றைக்குண்டுத் துப்பாக்கியால் ஒன்றைச் சுட்டால், அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் மற்றவை இருட்டில் நின்று அவளை வேடிக்கை பார்க்கும். ஒவ்வொரு முறை விசையை இழுத்ததும் அடுத்த தோட்டா தானாக வந்து உட்காரும் ரைஃபிள் ஒன்று வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசைகூட இல்லை, தேவை. அந்த ஆடுகளை வைத்துத்தான் வீடு ஓடியது, நான் கல்லூரிக்குப் போய் எங்கள் ஊரைக் கேலி செய்யக் கற்றுக்கொண்டதும் அவற்றின் செலவில்தான்.

அன்று காலை அவள் டவுனில் துப்பாக்கி விற்கும் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். கடைக்காரி ஜனீன் மூன்றை எடுத்து மேசையில் பரப்பி, மூன்றையும் அவளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி, கடைசியில் விலை குறைந்ததையே கையில் கொடுத்திருந்தாள். அலங்காரம் இல்லை, தொங்கவிட எதுவும் இல்லை. எடை குறைவு, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், கோளாறு வந்தால் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும். முதன்முதலாக வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் எடுத்துப் போகிறார்களாம்.

“பாதிப் பேரு வாங்குறது நல்லதுன்னா, பெட்ரோல் பங்க் சாண்ட்விச்தான் உலகத்துலயே நல்ல சாப்பாடு” என்றான் கோல்பி. “லோர்னா, அத வாங்கிட்டு வந்து என் பக்கத்துல நின்னு சுடாத. எனக்கு மானம் போயிடும்.”

“ஆடு என்னோடது. மானம் ஏன் உனக்குப் போகுது?”

“சரி, சண்ட வேணாம். என்னோடத எடுத்துக்க. ஒவ்வொரு துண்டா தேடி வாங்கி நானே பூட்டினது. ஊர்ல வேற எவன்கிட்டயாவது அப்படி ஒண்ணு இருக்கா? வெளி ஆளுக்குன்னா தரவே மாட்டேன். ஜனீன் சொன்ன வெலயே போதும்.”

அம்மாவின் கரண்டி மீண்டும் கீழே இறங்கியது. ஒரு மனிதன் தன் கையால் பூட்டிய துப்பாக்கியைத் தருகிறான் என்றால் எங்கள் ஊரில் அது ஏறக்குறைய நிச்சயதார்த்த மோதிரம். அக்காவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு மோதிரமே வந்துவிடும் என்று அம்மா ஆப்பிள் பை பலகாரம் சுட்டு வைத்தாள். வந்தது துப்பாக்கி. கோல்பி பணத்தை எண்ணாமல் சட்டைப் பையில் வைத்தான், அதுவும் அம்மாவுக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது.

அழகான துப்பாக்கிதான். ஜனீன் கடையில் கண்ணாடிக்குள் வைக்கும் பாகங்கள் எல்லாம் அதில் இருந்தன. சனிக்கிழமை சுடுதளத்துக்கு எடுத்துப் போனோம். மூன்றாவது குண்டிலேயே காலித்தோட்டா வெளியே விழாமல் பக்கவாட்டுத் துளையில் சிக்கிக்கொண்டது. அக்கா அதை இழுத்துத் தட்டிவிட்டுச் சுட்டாள். மறுபடி சிக்கியது.

“இன்னும் பழகல” என்றான் கோல்பி. “புதுசுல்ல. ஐந்நூறு குண்டு உள்ள போகணும், அப்புறம் பாரு, வெண்ணெ மாதிரி ஓடும்.”

சுடுதளத்தில் எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருவனுடைய மனைவியைக் குறை சொல்லலாம், லாரியைக் குறை சொல்லலாம், அவன் கும்பிடும் தேவாலயத்தின் கூரையைக்கூடக் குறை சொல்லலாம். அவன் பூட்டிய துப்பாக்கியை மட்டும் சொல்லக் கூடாது. அது அடைத்துக்கொண்டு நின்றால் எல்லோரும் தத்தம் காப்பிக் கோப்பைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் ஒருவர் குளிரைக் குறை சொல்வார், இன்னொருவர் எண்ணெயைச் சொல்வார்.

“தோட்டா சரியில்லம்மா” என்றார் ஆர்லிஸ். அப்பாவோடு மரமறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். “பித்தளை ஓடு போட்டது வாங்கிப் பாரு.”

அக்கா வாங்கிப் பார்த்தாள். பித்தளை, எஃகு, கனமானது, லேசானது, கடைசியில் ஆர்லிஸே சிபாரிசு செய்யத் தயங்கும் விலையில் ஒன்று. எல்லாத் தோட்டாக்களும் எங்கள் துப்பாக்கியின் முன் சமமாக நடத்தப்பட்டன. சில நாள் இருபது குண்டும் தடங்கல் இல்லாமல் ஓடும். அந்த நாட்களில் அக்கா கோல்பிக்கு போன் போட்டுச் சொல்வாள், “பழகிடுச்சு போல.” அவள் குரலைக் கேட்டால், பழகியது துப்பாக்கி மட்டும் இல்லை என்று தோன்றும்.

வசந்த விடுமுறைக்கு நான் வீட்டில் இருந்தபோது அது நடந்தது. பொழுது சாய்கிற நேரம். ஆடுகளுக்குக் காவலாக நாங்கள் வளர்க்கும் பெரிய வெள்ளை நாய், பெயர் பாஸ்டர், வழக்கமாகப் பிரசங்கம் செய்கிற குரலில் இல்லாமல் வேறு மாதிரிக் கத்தியது. ஓடினோம். நான்கு கொயோட்டிகள். இரண்டு, நாயை வேலியோரம் இழுத்து வைத்திருந்தன. மற்ற இரண்டும் அன்று காலைதான் குட்டி போட்டிருந்த ஆட்டைச் சுற்றி வந்தன. அக்கா முட்டி போட்டு, மூச்சை நிறுத்தி, சுட்டாள். நாயின் பக்கம் இருந்தவற்றில் ஒன்று விழுந்தது. குழலை ஆட்டின் பக்கம் திருப்பி விசையை இழுத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. தட்டினாள், இழுத்தாள், காலித்தோட்டாவை விரலால் கெல்லி எறிந்தாள். கோல்பி சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் அவன் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே செய்தாள். மறுபடி சிக்கியது. நான் கத்திக்கொண்டு கல்லெறிந்தேன். அந்த மிருகங்கள் என்னைப் பார்த்த பார்வையில் அவசரமே இல்லை. ஆடும் இரண்டு குட்டிகளும் போயின. பாஸ்டர் பிழைத்தது, ஆனால் ஒரு கால் தரையில் ஊன்றவில்லை. அக்கா அந்தத் துப்பாக்கியை நெஞ்சோடு அணைத்தபடியே சேற்றில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கோல்பி வந்தான். இரத்தம் காய்ந்த புல்லைச் சுற்றி நடந்தான்.

“நீ தோள்ல அழுத்திப் பிடிச்சிருக்க மாட்ட, லோர்னா. பொம்பளைங்க கை தளர்வா பிடிக்கும், அதான் சிக்குது. என்கிட்ட இருந்தப்ப ஒரு தடவகூட இப்படி ஆனதில்ல.”

அக்கா நாயின் கால் காயத்துக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள்.

அவன் போனதும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து, என்னை எங்கள் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனாள். ஆர்லிஸ் தனியாக இருந்தார். தோளில் அழுத்திப் பிடித்துச் சுட்டுக்காட்டச் சொன்னாள். எங்கள் ஊரிலேயே தடித்த கை அவருடையது. இரண்டாவது குண்டில் சிக்கியது.

ஆர்லிஸ் காப்பிக் கோப்பையைத் தேடினார். அன்று அவர் காப்பி கொண்டு வந்திருக்கவில்லை.

“கோல்பிகிட்ட இருந்தப்பவும் இப்படித்தானா?” என்றாள்.

“அது வந்தும்மா... போன வருஷம் பூரா இப்படித்தான். அவனும் என்னென்னமோ மாத்திப் பாத்தான். ரெண்டு மூணு பேர்கிட்ட விக்கவும் கேட்டான். யாரும் வாங்கல.”

“யாரும் வாங்கல. நான் இங்க நின்னு அஞ்சு விதத் தோட்டா மாத்துனேனே, நீங்கல்லாம் பாத்துட்டுத்தான இருந்தீங்க?”

“உன் ஆளு கையால பூட்டினது. அவன் பக்கத்துல நிக்கிறப்ப எப்படிம்மா சொல்றது? மரியாதையா இருக்காதே.”

“என் ஆட்டுக்கிட்ட சொல்லிடுறேன், ஆர்லிஸ் மாமா. உங்க மரியாதைக்காகச் செத்துச்சுன்னு.”

அவர் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

லாரியில் அக்கா அழுவாள் என்று நினைத்தேன். மீதி இருக்கிற ஆடுகளில் இன்னும் எத்தனை குட்டி போட வேண்டும் என்று கணக்குச் சொன்னாள். “ஜனீன் காட்டுனத இன்னைக்கே வாங்கணும். ரெண்டு கிடாய வித்துடலாம்.” அவ்வளவுதான். கோல்பியின் பெயர் அவள் வாயில் வரவில்லை. நான் இரண்டு மூன்று நகைச்சுவைகள் தயார் செய்தேன், எதுவும் சொல்லும்படி இல்லை.

கடையின் முன்னால் நிறுத்த இடம் இல்லாததால் பின்பக்கம் போனோம். முன்பக்கம் இடம் இருந்திருந்தாலும் பின்பக்கமாகவே மறைத்து நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு லாரி அங்கே நின்றது. அதன் கதவில் இருந்த நெளிவை ஞாயிறுதோறும் எங்கள் வாசலில் பார்த்திருக்கிறேன். அக்கா ஒரு நொடி அதைப் பார்த்தாள், துப்பாக்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

உள்ளே மேல்சட்டைகள் தொங்கும் வரிசைக்கு அந்தப் பக்கம் கோல்பியின் முதுகு தெரிந்தது. தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டிருந்தான். அவனுக்கு இவ்வளவு மெல்லிய குரல் இருப்பது இரண்டு வருடத்தில் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

“புதுசா வாங்குறவங்க சாதாரணமா எத எடுக்குறாங்க? வெல கம்மியா... ஆனா சிக்காம ஓடணும்.”

ஜனீன் அலங்காரம் எதுவும் இல்லாத அந்தத் துப்பாக்கியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். எல்லோரிடமும் கேட்கிற அதே அன்போடு கேட்டாள், “முதல் துப்பாக்கியா தம்பி?”

“ஆமாங்க. முதல்தான்.”

அவன் அதைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடினான். ஜனீன் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்த அவன் முழங்கையை இரண்டு விரலால் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். அவள் இறக்கிவிட்ட இடத்திலேயே அவன் அதை ஆடாமல் வைத்துக்கொண்டான். அக்கா நடந்துபோய், பெட்டியை அவன் காலடியில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வரிசையில் அவனுக்கு அடுத்த ஆளாக நின்றாள்.