வலப்பக்கத்து நாற்காலி

கோடைக்கானலில் மாதா கோவில் பேண்டில் மொத்தம் பதினாலு பேர். அவர்களில் ஜெபக்குமாருக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ‘காது’ என்று கூப்பிடுவார்கள். யாருடைய வாத்தியம் இம்மி சுதி விலகினாலும் அவர் தலைதான் முதலில் திரும்பும். சந்தேகம் வந்தால் மாஸ்டர் உபகாரமே வாசிப்பை நிறுத்திவிட்டு ஜெபக்குமாரின் முகத்தைப் பார்ப்பார். அவர் லேசாகத் தலையசைத்தால்தான் அடுத்த வரி.

பகலில் அவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். குடுவைகளைக் கழுவிக் கவிழ்ப்பது, அமில சீசாக்களைப் பூட்டி வைப்பது என்று சத்தமே இல்லாத வேலை. நாற்பத்து மூன்று வயதில் தன்னுடையது என்று அவர் பெருமைப்பட இருந்தவை இரண்டுதான்: அந்தக் காதும், ஒன்றரைச் சாண் நீளப் பிக்கலோவும். புல்லாங்குழல் வகையிலேயே பொடிசு அது. ஆனால் ட்ரம்பெட்டும் ட்ரம்மும் சேர்ந்து முழங்கும்போதுகூட அதன் சத்தம் மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே ஏறித் தனியாக நிற்கும். தேர் பவனியில் முன்னால் போகிறவர்கள் பின்னால் பேண்டு வருகிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பிக்கலோ சொல்லிவிடும்.

பயிற்சி நடப்பது கோவிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறையில். குளிருக்குப் பயந்து ஜன்னல் எதையும் திறப்பதில்லை. ஜெபக்குமாருக்கு வலப்பக்கத்து நாற்காலி டிக்சனுடையது. டிக்சன் டாக்ஸி ஓட்டுகிறவர், கிளாரினெட் வாசிப்பவர், ஜெபக்குமாரை விட ஒன்பது வயது இளையவர். பதினோரு வருடமாக இருவருக்கும் அதே இடம். ஒரே இசை நோட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொள்வார்கள். பக்கம் புரட்டுவது டிக்சன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஈஸ்டர் முடிந்த வாரத்தில், ஜெபக்குமாரின் வலது காதில் ஒரு இரைச்சல் புகுந்தது. நாலு நாள் ஆகியும் அது போகவில்லை. மனைவியிடம் சளி என்று சொல்லிவிட்டு மதுரைக்கு இறங்கிப் போய் ஒரு காது டாக்டரைப் பார்த்தார். அந்த அம்மா சோதனை செய்து, தாளில் வந்த கோடு ஓரிடத்தில் பள்ளமாக இறங்கியிருப்பதைக் காட்டினார். உயர்ந்த சத்தங்கள் கேட்பது குறைய ஆரம்பித்திருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். வாத்தியக்காரர்களுக்கென்றே இருக்கிற இயர் பிளக்கைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். அது சத்தத்தை அடைக்காது, குறைக்கத்தான் செய்யும். தனியாகப் பழகும்போது பெரிய புல்லாங்குழலில் பழகுங்கள், அரை மணிக்கு ஒருமுறை காதுக்கு ஓய்வு கொடுங்கள், மூடிய அறையில் வாசிக்காதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் வலப்பக்கம் யார் உட்காருவார் என்று கேட்டார். ஜெபக்குமார் சொன்னார்.

“குழல் அவர் பக்கமாத்தான நீட்டிக்கிட்டு இருக்கு? அவர் இடது காதுக்கும் இதே அடிதான். அவர்கிட்டயும் சொல்லிருங்க” என்றார் டாக்டர்.

சொல்லத்தான் நினைத்தார். பஸ் மலையேறி வரும்போதே எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகளைக்கூடக் கோர்த்து வைத்திருந்தார். ஆனால் ‘காது’ என்று பேரெடுத்தவன் தன் காதே பழுது என்று எப்படிச் சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாகச் சேர்ந்த ட்ரம்காரர் ஒருவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தார். உபகாரம் அதைப் பிடுங்கிக் கீழே போட்டார். “ஏலே, காதை அடைச்சுக்கிட்டு வாசிக்கிறதுக்கு வீட்டுல போயிப் படுத்துக்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜெபக்குமாரும் சிரித்தார். அவர் போட்டிருந்த குரங்குக் குல்லாவுக்குள் இரண்டு காதிலும் இயர் பிளக் இருந்தது.

அதற்குப் பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துச் சொன்னால் ஏன் ஒரு மாதம் சும்மா இருந்தாய் என்று டிக்சன் கேட்பான். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் ஏன் ஆறு மாதம் என்பான். குளிர் ஊர், யார் குல்லாவைக் கழற்றச் சொல்லப் போகிறார்கள்? அப்படியே இரண்டு வருடம் ஓடிப்போனது.

இந்த வருடம் மாதா திருவிழாவுக்குப் பயிற்சி தொடங்கியபோது டிக்சனின் கிளாரினெட் தடம் மாறியது. சில சமயம் சுதி ஒரு நூல் ஏறி நிற்கும். மாஸ்டர் மெதுவாகச் சொல்லும் எண்ணிக்கை அவருக்குப் பிடிபடாமல் அரைத் தாளம் பிந்தி நுழைவார். உபகாரம் முதலில் பொறுத்தார், பிறகு கத்தினார். ஒருநாள் வாசிப்பை நிறுத்திவிட்டு வழக்கம்போல ஜெபக்குமாரைப் பார்த்தார். டிக்சன்தானா என்று அந்தப் பார்வை கேட்டது.

“ஆமா மாஸ்டர். ரெண்டு மாசமாவே அப்படித்தான்” என்றார் ஜெபக்குமார்.

சொன்னது பொய்யில்லை. அதனால்தான் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது. உபகாரம் டிக்சனை இந்தத் திருவிழாவுக்கு மட்டும் ஒதுங்கியிருக்கச் சொன்னார். டிக்சன் மறுபேச்சில்லாமல் கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவர் போன பிறகு ட்ரம்பெட்காரர் ஒருவர், ஆள் தண்ணியைப் போட ஆரம்பித்துவிட்டார் போல என்றார். இன்னொருவர், டாக்ஸி ஸ்டாண்டு சகவாசம் என்றார். ஜெபக்குமார் குனிந்து நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

பத்து நாள் கழித்து டிக்சனின் மனைவி அனிட்டா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். ஏரிக்கரையில் ஒரு சாக்லேட் கடையில் வேலை செய்கிறவர். கடைச் சீருடையிலேயே வந்திருந்தார். வீட்டுக்காரர் குடிக்கிறார் என்று ஊருக்குள் பேசிக்கொள்கிறார்கள், தனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் டாக்ஸி ஓட்டுகிறவருக்கு இந்தப் பேர் வந்தால் பிழைப்பு என்னாவது என்றார்.

“நீங்கதான் பக்கத்துல உக்காந்தவங்க அண்ணே. எப்பவாச்சும் வாடை அடிச்சிருந்தா எங்கிட்ட உள்ளதைச் சொல்லிருங்க.”

ஒருநாளும் இல்லை என்றார் ஜெபக்குமார். அனிட்டாவுக்கு அது போதவில்லை. அப்புறம் ஏன் இப்படி ஆகிவிட்டார் என்று கேட்டார். டிவியை ஊருக்கே கேட்கிற மாதிரி வைக்கிறாராம். மகள் ஜெனி இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதே இல்லையாம். அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பாட்டு நேரத்தில்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறதாம். சொல்லிக்கொண்டே வந்தபோது அனிட்டாவின் கண் கலங்கிவிட்டது.

ஜெபக்குமாருக்கு எல்லாம் புரிந்தது. வாயைத் திறந்தால் இரண்டே வாக்கியம். ஆனால் அவர் சொன்னது, வேலை அலுப்பாக இருக்கும், ஓய்வெடுக்கச் சொல்லம்மா என்பதுதான். அனிட்டா அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை ஒரே குடுவையை நாலு தரம் கழுவினார் ஜெபக்குமார்.

திருவிழா நன்றாக நடந்தது. வலப்பக்கம் ஆள் இல்லாமல் ஜெபக்குமார் வாசித்தார். பவனி முடிந்து கோவில் முற்றத்தில் வந்து நின்றதும், பேண்டில் இருபது வருடம் முடித்தவர் என்று அவர் பெயரை மைக்கில் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எதிர்பார்க்கவில்லை. பங்குச் சாமியார் பொன்னாடை போர்த்தினார். இப்படி ஒரு காதுள்ள மனிதர் நமக்குக் கிடைத்தது வரம் என்று உபகாரம் பேசினார். கூட்டம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் ஜெனியைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு டிக்சன் நின்றார். பிள்ளையின் காலைப் பிடித்திருந்த கையை எடுத்து அவரும் கைதட்டினார். அந்த முகத்தில் பொறாமை இல்லை, வருத்தம்கூட இல்லை. தன் அண்ணனுக்குச் செய்கிற மரியாதையைப் பார்ப்பது போல நின்றார். ஜெபக்குமாருக்கு அந்தப் பொன்னாடை தோளில் நெருப்பாக எரிந்தது.

மறுநாள் வெள்ளனே அவர் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனார். மூடுபனி இன்னும் விலகவில்லை. டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் டீக்கிளாஸோடு நின்றிருந்தார்கள். டிக்சன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெபக்குமார் பக்கத்தில் போய், மற்றவர்கள் காதில் விழாதபடி, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். மதுரைக்குப் போனது, டாக்டர் சொன்னது, தான் மட்டும் காதை மூடிக்கொண்டது. ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த பேச்சு. சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசானது போலக்கூட இருந்தது.

டிக்சன் துடைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“என்னண்ணே சொன்னீங்க? ஒண்ணும் கேக்கலியே.”

அப்போதுதான் ஜெபக்குமார் கவனித்தார். அவர் நின்றது டிக்சனின் இடப்பக்கம்.

சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனார். இரண்டாவது முறை சொல்ல அதே வார்த்தைகள் வரவில்லை. டிக்சன் இன்னும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். வேறு வழியில்லை. ஜெபக்குமார் குரலை உயர்த்தினார்.

“ஒன் காது கெட்டது என் பிக்கலோவால. டாக்டர் ரெண்டு வருசம் முன்னாடியே எங்கிட்ட சொன்னாங்க. ஒங்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லல. நான் மட்டும் குல்லாவுக்குள்ள இயர் பிளக் போட்டுக்கிட்டேன்.”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டிக்சனுக்கு இப்போது எல்லாம் கேட்டுவிட்டது என்று அவர் முகமே சொன்னது. ஜெபக்குமாரின் குல்லாவையே பார்த்தார்.

“நான் குடிக்கிறேன்னு பேசுனப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?”

“இருந்தேன்.”

பேத்துப்பாறைக்குப் போக ஒரு குடும்பம் வந்து வண்டியைக் கேட்டது. டிக்சன் கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மணியன் என்கிற வயதான டிரைவர், “நீங்க சோலியைப் பாக்கப் போங்க சார்” என்றார். அதே மணியன் அதுவரை ஜெபக்குமாரை எப்போதும் தம்பி என்றுதான் கூப்பிடுவார். மத்தியானத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் போனது. ஜெபக்குமாரின் மனைவிக்கே சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, எங்கிட்ட சளின்னுதான சொன்னீங்க என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி அறையில் எல்லாருக்கும் முன்னால் ஜெபக்குமார் எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னார். டிக்சன் குடித்ததில்லை என்பதை முதலில் சொன்னார். பிறகு காதிலிருந்து பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். உபகாரம் திட்டுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தபடி, “எனக்கும் ஆறு வருசமா இரையுதுலே” என்றார். பஞ்சு வைத்து வந்த ட்ரம்காரர் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். மாஸ்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரத்திலிருந்து பயிற்சியைக் கோவில் முற்றத்துக்கு மாற்றினார்கள். மழை வந்தால் நிறுத்திவிடுவார்கள். ஜெபக்குமாரை வலது ஓரத்தில், குழலுக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லாத இடத்தில் உட்கார வைத்தார்கள். பிளக் எல்லாருக்கும் வந்தது. டிக்சன் வரவில்லை.

அனிட்டாதான் ஜெபக்குமாருக்குப் போன் செய்தார். மதுரை டாக்டரிடம் டிக்சனுக்கு நாள் வாங்கியிருக்கிறது, சீசன் என்பதால் கடையில் தனக்கு லீவு இல்லை, டாக்டர் பேசுவது அவருக்குச் சரியாகப் பிடிபடாது என்றார். குரலில் முன்பிருந்த குழைவு இல்லை.

“நீங்களே கூட்டிட்டுப் போங்க. டாக்டர் சொல்றதை ஒண்ணு விடாம எங்கிட்ட வந்து சொல்லணும். இந்தத் தடவையாச்சும்.”

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியில் டிக்சனைக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார்த்தி, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். ஜெபக்குமார் வெளியே நின்று அந்தக் கட்டைவிரலையே பார்த்தார். முதலில் அது அடிக்கடி அசைந்தது. பிறகு இடைவெளி நீண்டது. உள்ளே சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். டிக்சன் தலையைச் சாய்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை கேள்விக்குக் காத்திருப்பது போலக் கவனமாகக் காத்திருந்தார். விரல் அசையவில்லை.

டாக்டர் சொன்னதை ஜெபக்குமார் தாளில் எழுதிக்கொண்டார். இடது காதில் மேல் சத்தங்கள் போய்விட்டன, திரும்பாது. ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் இரண்டு சுதியாகக் கேட்பது அதனால்தான். வலது காது நன்றாக இருக்கிறது. பாதுகாப்போடு வாசிக்கலாம். காது மெஷின் வைத்தால் பிள்ளை கூப்பிடுவது கேட்கும். முதலில் சொன்னபோதே வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று டாக்டர் சொன்னதையும் எழுதினார். அந்த வரியில் பேனா நின்றது. பிறகு, யாரிடம் சொன்னபோது என்பதையும் தன் பேரைப் போட்டு எழுதினார்.

திரும்பும் வழியில் வத்தலக்குண்டில் பஸ் நின்றது. டிக்சன் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை நீட்டினார்.

“கிறிஸ்துமஸுக்கு வாசிக்கணும்னு இருக்கேன்” என்றார். “ஒங்க பக்கத்துல இல்ல.”

ஜெபக்குமார் சரி என்று சத்தமாகச் சொன்னார். பஸ் ஹாரன் அடித்தது. டிக்சன் டம்ளரைக் கடையில் கொடுத்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார்.