றேடியோவில் சொன்ன இழவு

கொழும்பு வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த கனகலிங்கத்துக்குத் தன் குரலில் அப்படியொரு நம்பிக்கை. இருக்காதா என்ன? இரண்டாம் உலக யுத்தம் நடக்கிற காலம். கொழும்பில் அவர் வாயைத் திறந்தால், கரவெட்டி வாசிகசாலையில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு றேடியோப் பெட்டியைப் பார்த்தபடி இருப்பார்கள்.

ஒருநாள் மத்தியானம் அவருக்குத் தந்தி வந்தது. தகப்பன் முருகேசர் போய்விட்டார். நாளை பின்னேரம் தகனம், இழவு சொல்ல ஆள் அனுப்பவா என்று அத்தான் ஏரம்பு கேட்டிருந்தார்.

அழுகைக்கு நடுவிலும் கனகலிங்கத்துக்கு ஒரு யோசனை ஓடியது. இந்தக் காலத்திலும் ஒருவன் வீடு வீடாகப் போய் வாசல் படலையைத் தட்டுவதா? 'ஆள் வேண்டாம், றேடியோவில் சொல்கிறேன்' என்று பதில் தந்தி அடித்தார். மேலதிகாரியைக் கெஞ்சி அனுமதி வாங்கி, மாலைச் செய்தியின் முடிவில் குரல் தழுதழுக்காமல் வாசித்தார்: "கரவெட்டியைச் சேர்ந்த திரு. முருகேசு அவர்கள் இன்று காலமானார். உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்." வாசித்த கையோடு யாழ்ப்பாண மெயிலில் ஏறினார்.

உள்ளுக்குள் இன்னொரு நினைப்பும் இருந்தது. தகப்பனின் தம்பி, குஞ்சியப்பு கதிரவேலருக்கும் இவர்களுக்கும் பத்து வருஷமாகப் பேச்சில்லை. தான் கண்ணை மூடினால் தம்பி வரவேண்டும் என்பதே முருகேசரின் ஒரே ஆசை. தம்பியின் படலையை மிதிக்காமலே அவருக்கும் சொல்லியாயிற்று, கெட்டிக்காரத்தனம்தான்.

விடிந்து வீட்டுக்கு வந்தால், பந்தல் இருந்தது, பறை இருந்தது, சனத்தைத்தான் காணவில்லை.

"என்ன அத்தான், ஒருத்தருக்கும் கேக்கேல்லையோ?"

"எல்லாருக்கும் கேட்டது. வாசிகசாலையிலை எழும்பியும் நிண்டவையாம். ஆனால் ஆரும் வந்து சொல்லேல்லையாம். சொல்லாத செத்தவீட்டுக்கு எப்பிடி வாறது எண்டு கேக்கினம்."

கனகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலங்கை முழுக்கச் சொன்னது சொன்னதில்லையாம்! ஆனால் பாடை தூக்க நாலு தோளாவது வேண்டுமே. ஏரம்பு வடக்கே போக, இவர் தெற்கே நடந்தார். படலை படலையாகத் தட்டி, எல்லாருக்கும் தெரிந்ததையே சொன்னார். எல்லாரும் அப்போதுதான் கேள்விப்பட்டவர்கள் மாதிரித் திடுக்கிட்டு, "எப்பவாம்?" என்று கேட்டார்கள்.

கடைசியாகக் கதிரவேலர் வீடு. குஞ்சியப்பு வேட்டி உடுத்து, சால்வை போட்டு, படலைக்கு உள்ளே நின்றார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன.

"என்ன விசயம்?"

"குஞ்சியப்பு, நேற்று றேடியோவிலை..."

"றேடியோவிலை ஆரோ ஒருத்தர் வாசிச்சவர். நல்ல தமிழ். அதை விடு. நீ என்ன சொல்ல வந்தனி?"

ஆயிரம் செய்தி வாசித்தவர் படலைக்கு வெளியே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா செத்துப்போனார், குஞ்சியப்பு. நீங்கள் வராமல் பாடை எடுக்கேலாது."

கிழவர் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விடிய நாலு மணியிலையிருந்து இதிலைதான் நிக்கிறனடா" என்று சொல்லிப் படலையைத் திறந்தார்.