சிவப்பு வட்டத்துக்குள் அருள்செல்வி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் ரிஸ்வானா எத்தனை தடவை போனைப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. காலையில் அவள் ஏற்றிய வீடியோவை ஒரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். எண்ணிக்கை ஏற ஏற அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

'மலையடி நியூஸ்' என்ற இணையச் செய்திப் பக்கத்தில் அவள்தான் நிருபர், எடிட்டர், குரல் எல்லாமே. வாரத்தில் ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். இதழியல் பாடத்தில் 'மொபைல் ஜர்னலிசம்' என்று புதிதாக ஒரு தாள் சேர்த்திருந்தார்கள். அதை நடத்தத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லாததால் இவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அன்றைக்கு வகுப்பில் தன் வீடியோவையே திரையில் போட்டுக் காட்டினாள். ராஜபாளையத்து நகைக்கடை ஒன்றின் சிசிடிவி காட்சி. கவுண்டர் பக்கம் நின்ற ஓர் இளம்பெண் சட்டென்று கைப்பைக்குள் கையை விடுகிறாள். அவளைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். 'வளையலை அபேஸ் செய்த இளம்பெண்!' என்று ரிஸ்வானாவின் குரல் ஒலித்தது.

"முதல் மூணு செகண்டுல ஆளைப் பிடிச்சு நிறுத்தணும். இல்லன்னா விரலால தள்ளிட்டுப் போயிருவாங்க" என்றாள்.

கடைசி பெஞ்சில் ஆஷிகா எழுந்து நின்றாள். தேவதானத்திலிருந்து தினமும் வந்து போகிற பெண். முகம் வெளிறிப் போயிருந்தது.

"மேடம், அது எங்க தெரு அருள்செல்வி. மில்லுல வேலை பாக்கா. பைக்குள்ள இருந்து போனைத்தான் எடுத்தாளாம். அந்த வளையல் நேத்தே கிடைச்சிருச்சுன்னு சொல்லுதாவ."

"யாரு சொன்னா?"

"நீங்க கடைக்கு போன் போட்டுக் கேட்டீங்களா மேடம்?"

கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வீடியோ வந்ததும், வேறு யாரும் முந்துவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று காபியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எடிட் செய்திருந்தாள். மாணவர்கள் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடையின் நம்பரைத் தேடி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அந்த வளையல் நேத்து சாயங்காலமே கிடைச்சிருச்சும்மா" என்றார் கடைக்காரர். "தட்டுக்கு அடியில சிக்கிக் கிடந்துச்சு. அந்த வீடியோவை எந்தப் பய வெளிய விட்டான்னு நானே தேடிக்கிட்டு இருக்கேன்."

ரிஸ்வானா வராந்தாவுக்கு வந்து, பக்கத்தை நடத்துகிற ராபர்ட்டைக் கூப்பிட்டாள்.

"அதை எடுத்திருதேன்ணே."

"ஏட்டி, கூறு இருக்கா உனக்கு? இந்த மாசத்துல ஓடுறதே அது ஒண்ணுதான். கீழ கமெண்ட்ல 'வளையல் கிடைத்தது'ன்னு போட்டு விடு, போதும்."

"கமெண்ட்டை யாருண்ணே படிக்கா?"

"ரிஸ்வானா, செத்த நேரம் பொறு. நான் வந்து பாக்கேன்."

அவள் பொறுக்கவில்லை. வீடியோவை நீக்கினாள். நீக்கிவிட்டுத் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் குரலோடு, அவள் போட்ட அதே வட்டத்தோடு, பெயர் தெரியாத எத்தனையோ பக்கங்களில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் சினிமாப் பாட்டுகூடச் சேர்த்திருந்தான்.

மத்தியானமே ஆஷிகாவோடு தேவதானத்துக்குப் பஸ் ஏறினாள். அருள்செல்வி வீட்டு வாசலில் அவள் அம்மா வெள்ளத்தாய் நின்றுகொண்டிருந்தாள். யாரென்று ஆஷிகா சொன்னதும், "போட்டதும் போட்டுட்டு வீட்டுக்கு வேற வாரியளா?" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சத்தம் கேட்டு அருள்செல்வியே வெளியே வந்தாள். அழுது முடித்த முகம். "உள்ள வாங்க. தெருவுல நின்னு பேச வேண்டாம்."

மில்லிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டு, பிரச்சினை தீரும்வரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ரிஸ்வானா மன்னிப்புக் கேட்டாள். கேட்ட கையோடு, "நடந்ததை நீயே சொல்லு. நான் எடுத்துப் போடுதேன். எல்லாரும் பாப்பாங்க" என்றாள்.

"இன்னொரு தடவை என் மூஞ்சியத்தான் காட்டணுமா? இன்னைக்கு பால்காரன்கூட என்னை உத்துப் பாக்கான். நான் என்ன தப்பு செஞ்சேன் வந்து விளக்கம் சொல்ல? செஞ்சது நீங்க. உங்க மூஞ்சியக் காட்டுங்க."

ரிஸ்வானாவுக்குக் காது சூடானது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். போனை ஆஷிகா கையில் கொடுத்தாள். பின்னால் லாரியும் டவுன் பஸ்ஸும் இரைந்துகொண்டிருக்க, கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"நான் ரிஸ்வானா. நகைக்கடை வீடியோவை எடிட் பண்ணிப் போட்டது நான். கடைக்கு ஒரு போன் பண்ணி விசாரிக்காமப் போட்டேன். அந்தப் பொண்ணு எதையும் எடுக்கல. வளையல் கடையிலயே கிடைச்சிருச்சு. அந்த வீடியோவை வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு அழிச்சிருங்க." கடைக்காரர் சொன்னதையும் அவர் சம்மதத்தோடு பதிவு செய்து சேர்த்து, 'மலையடி நியூஸ்' பக்கத்திலேயே போட்டாள்.

ராபர்ட் உடனே கூப்பிட்டார். "பக்கத்தோட பேரையே நாறடிச்சிட்டியே! நாளையிலேருந்து வராத." சற்று நேரத்தில் அவளால் அந்தப் பக்கத்துக்குள் நுழைய முடியவில்லை. அவள் பேசிப் போட்ட வீடியோவும் அங்கிருந்து போய்விட்டது.

ஆனால் அதற்குள் ஆஷிகா அதை இறக்கி வகுப்புக் குழுவில் போட்டிருந்தாள். மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பக்கங்களைப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எழுதினார்கள், கூப்பிட்டார்கள். சிலர் வீடியோவை நீக்கினார்கள். சிலர் திட்டினார்கள். பாட்டுச் சேர்த்தவன், "எடுத்தா எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டான்.

மறுநாள் ரிஸ்வானாவும் ஆஷிகாவும் மில்லுக்குப் போனார்கள். சூப்பர்வைசர் ரிஸ்வானா பேசிய வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "இதை முன்னாடியே விசாரிச்சிருக்கலாம்ல" என்றார்.

"நீங்களும் விசாரிச்சிருக்கலாம் சார்" என்றாள் ஆஷிகா.

அவர் கொஞ்சம் கோபத்தோடுதான் திங்கட்கிழமை அருள்செல்வியை வரச் சொன்னார். அவள் போனாள், முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு. ரிஸ்வானாவிடம் அவள் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஆஷிகாவிடமிருந்து ஒரு லிங்க் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவன் பழைய வீடியோவைப் புதுத் தலைப்போடு மறுபடி ஏற்றியிருந்தான். ஏற்றி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள். பக்கத்தின் அடியில் ஒரு நம்பர் இருந்தது. ரிஸ்வானா ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு அந்த நம்பரைக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டாள்.