நாத்தனார் வாசலில் நட்ட பேனர்

கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணும்போது சுடவில்லை. ஜெயித்த பிறகுதான் தமிழ்ச்செல்விக்கு உள்ளங்கை எரிய ஆரம்பித்தது.

ஓட்டுக் கேட்டுப் போன கடைசி நாள். கங்கையம்மன் கோயில் தெருப் பெண்கள் அவளை வழிமறித்துக்கொண்டார்கள். "வர்றவங்க எல்லாம் இதத்தான் சொல்றீங்கோ. எந்தக் கொழாய்ல தண்ணி வந்துது?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்ற கணவன் பாஸ்கர் சட்டைப் பையிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்தான். மனுஷன் தயாராகத்தான் வந்திருந்தான். தமிழ்ச்செல்வி அம்மன் முன்னால் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு, "ஆடிக் கூழுக்கு இந்தத் தெருக் கொழாய்த் தண்ணியிலதான் அண்டா ரொம்பும். இல்லன்னா நான் கவுன்சிலரே இல்ல, எழுதிக் குடுத்துட்டுப் போய்டுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

இழுபறியில் ஜெயித்தாள். தோற்றது வேறு யாராவதாக இருந்திருந்தால் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். தோற்றது பாஸ்கருடன் பிறந்த அக்கா சுலோச்சனா. இன்னொரு கட்சி அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது. தமிழ்ச்செல்வி கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த புதிதில் யார் யார் என்ன உறவு என்று காதோரம் சொல்லிக்கொடுத்தது அவள் 'அண்ணி' என்று கூப்பிடும் இந்த நாத்தனார்தான். முதல் பிரசவத்துக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரித் தரையில் துண்டு விரித்துப் படுத்துக் கிடந்ததும் அவள்தான். ஓட்டு எண்ணிய அன்றோடு பேச்சு நின்றது. எதிரில் பார்த்தால், "கவுன்சிலரம்மா வந்துகினு கீறாங்கோ, வழி வுடு" என்று தன் ஆட்டுக்குட்டியிடம் சொல்வாள். முன்பெல்லாம் 'தமிழு' என்று கூப்பிட்ட வாய் அது. தமிழ்ச்செல்விக்கு அழுகையே வரும்.

கவுன்சிலர் வேலை என்றால் என்ன என்று யாரும் அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. பல் தேய்க்கும்போதே வாசலில் ஆள் நிற்கும். தெருவிளக்கு எரியவில்லை, நாய் துரத்துகிறது, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டான். மாமியார் மருமகள் சண்டைகூட வந்தது. இதற்கு நடுவில் அலையாய் அலைந்து கங்கையம்மன் கோயில் தெருவுக்குப் புது பைப் போட வைத்துவிட்டாள். கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் காலையில் தண்ணீர் விட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு.

தண்ணீர் விடுகிற வீரபத்திரன் தெருமுனையில் வால்வைத் திறந்தார். பெண்கள் குடத்தோடு காத்திருந்தார்கள். குழாய் இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான்.

"டேங்க் புல்லா கீது. வால்வும் முழுசாத் தொறந்து வுட்டுட்டேன். தண்ணி எங்க போவுதுன்னே தெர்ல மேடம்" என்று வீரபத்திரன் தலையைச் சொறிந்தார்.

"எனுக்குத் தெரியும். தெருவுக்கு மொத வூடு யாருது? எங்க அக்கா வூடு. ராத்திரியோட ராத்திரியா பைப்புல கோணிய அடச்சி வுட்டுக்கீது. தோத்த வயித்தெரிச்சல்" என்றான் பாஸ்கர். அவனோடு சுற்றுகிற கட்சிப் பையன்கள் ஆமாம் போட்டார்கள். "ஸ்டேஷன்ல ஒரு கம்ப்ளெய்ன்ட் குடுத்துர்லாம், வா."

தமிழ்ச்செல்வி வறண்ட குழாயைப் பார்த்தாள். நாளைக்கு அண்டா நிறையவில்லை என்றால் அம்மன் முன்னால் சொன்ன சொல் போயிற்று. போலீசுக்குப் போனால் அண்ணி ஜென்மத்துக்கும் போனாள். அண்ணியாக இருக்காது என்று ஒரு மனசு சொன்னது. இருந்தாலும் இருக்கும் என்று இன்னொரு மனசு சொன்னது. அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

"நான் போய் மூஞ்சிக்கு நேரா கேக்கறேன். அப்புறமா ஸ்டேஷனு" என்று நடந்தாள்.

"வாணாம், அசிங்கப்படுத்தும்!" என்று பாஸ்கர் பின்னாலேயே ஓடினான்.

சுலோச்சனா வாசற்படியில் உட்கார்ந்து கூழுக்குத் தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு நேர் எதிரே, வீட்டுக்குள் வெளிச்சமே புகாதபடி, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பேனர். அதில் ரோஸ் பவுடர் பூசிய தமிழ்ச்செல்வி கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தாள். 'சொன்னதைச் செய்த சத்தியத் தாயே' என்று எழுதியிருந்தது. இப்படி ஒரு பேனர் இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

"வாங்கோ கவுன்சிலரம்மா" என்றாள் சுலோச்சனா, கீரையிலிருந்து தலையைத் தூக்காமல். "காலைலேர்ந்து ஒங்க காலாண்ட கங்கை பொங்கிகினு கீது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கோ."

தமிழ்ச்செல்வி குனிந்து பார்த்தாள். பேனரின் சவுக்குக் கழி நட்ட இடத்தில் மண் குழைந்து, தெளிந்த தண்ணீர் குபுகுபுவென்று வந்து அப்படியே பக்கத்துக் கால்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பாஸ்கரைத் திரும்பிப் பார்த்தாள். பாஸ்கர் பையன்களைப் பார்த்தான். பையன்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

"இங்க பேனர் வெக்கச் சொன்னது யாரு?"

"நான்தான், நேத்து ராத்திரி" என்றான் பாஸ்கர் மெதுவாக. "அது தெனமும் கதவத் தொறந்தா ஒன் மூஞ்சிலதான் முழிக்கணும்னு... கழி ஆடக்கூடாதுன்னு கடப்பாரை போட்டு நல்லா ஆழமா..."

"பைப்பு மேலயே எறக்கிட்டியா?"

அவனே கழியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். அடைபட்டிருந்த தண்ணீர் பீய்ச்சியடித்து, வெள்ளை வேட்டியோடு அவனை முழுக்க நனைத்தது. சத்தியத் தாய் குப்புறச் சேற்றில் விழுந்தாள். சுலோச்சனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீரை முறத்தை எட்டித் தள்ளிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அந்தப் படியிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி இல்லை, அண்ணி இல்லை என்று மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது.

"அவன் தெருமொனையில கத்துனது கேட்டுது. நீயும் நான்தான் அடச்சேன்னு நெனச்சியா?" என்றாள் சுலோச்சனா.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நெனச்சேன் அண்ணி."

சுலோச்சனா சிந்திய கீரையை அள்ளினாள். "நானா இருந்தாலும் அப்டித்தான் நெனச்சிருப்பேன். ஆனா ஸ்டேஷனுக்குப் போவாம இங்க வந்தே பாரு" என்றாள். பிறகு குரல் மாறியது. "அந்தப் பேனர எனுக்குக் குடுத்துரு. மாட்டுக் கொட்டாய் ஒழுவுது. படம் வெளிப்பக்கமா இருக்கட்டும். உள்ள தெரிஞ்சா மாடு பால் குடுக்காது."

வீரபத்திரன் வால்வை மூடி, உடைந்த இடத்தை அறுத்தெடுத்துவிட்டுப் புது பைப்புத் துண்டு ஒட்டினார். ஈர வேட்டியோடு மண்ணைத் தள்ளிக் குழியை மூடியது பாஸ்கர்தான். வேறு யாரையும் மண்வெட்டி தொட அவன் அக்கா விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குழாயடியில் அண்டாவை வைத்தார்கள். கவுன்சிலர்தான் திறக்க வேண்டும் என்று பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். தமிழ்ச்செல்விக்குத் திருப்பப் பயம். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினாள். குழாய் ஒருதரம் இருமியது. பிறகு அண்டாவின் அடியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது சுலோச்சனா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"தமிழு, கையக் காட்டு."

காட்டினாள். சுலோச்சனா அந்த உள்ளங்கையைப் பிடித்து, கொட்டுகிற தண்ணீரில் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.