இடம் மாறிய டாஃப்னி

எங்கள் ஊர்த் தோட்டச் சங்கத் தலைவர் க்ளெமென்ட் ஆக்லி. இங்கிலாந்தில், ஷ்ராப்ஷையரின் இந்த ஈர மூலையில் கடவுளுக்கு அடுத்தபடியாகச் செடிகளை அறிந்தவர். அந்த இரண்டாம் இடத்திலும் அவருக்குச் சற்று மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீருக்கு முன் ஒரே உபதேசம்: "டாஃப்னிச் செடியை நட்ட இடத்தை விட்டு அசைக்காதீங்க. செத்துடும்."

அவர் வீட்டு டாஃப்னி தோட்டக்கோடியில், ஓக் மர நிழலில் நின்றது. வேறெதுவும் பூக்காத ஜனவரிக் குளிரில் பூத்து மணக்கும். நட்டவள் அவர் மனைவி மியூரியல்.

அந்த இலையுதிர் காலத்தில் மியூரியல் படுத்துவிட்டாள். வசந்தம் வரை தாங்காது என்றார் டாக்டர். அவள் கேட்டதெல்லாம் அந்த வாசனை, இன்னொரு தடவை.

அடுத்த வீட்டுக்காரன் நான். ஒருநாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தால், தலைவர் மண்வெட்டியோடு டாஃப்னியைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, இது உங்க சட்டத்துக்கே விரோதமாச்சே? பூத்தப்புறம் ரெண்டு கிளை ஒடிச்சு ஜாடியில வைங்களேன்."

"சட்டமெல்லாம் கத்துக்குட்டிகளுக்குய்யா. ஜாடியில வாடிடும். அவளுக்குத் தினமும் வேணும். ஜன்னலுக்குக் கீழேயே நடறேன்."

டிசம்பரில் இடம் மாறிய செடியின் இலைகள் கொட்டின. "கோவிச்சுக்கிட்டிருக்கு," என்றார். ஜனவரியில் மொட்டுகள் கருகித் தொட்டால் உதிர்ந்தன.

நான் பார்க்கப் போன அன்று மியூரியல் சொன்னாள், "ஜன்னலைத் திற, க்ளெமென்ட்."

"குளிருதேம்மா."

"இனிமே ஜலதோஷம் பிடிச்சு என்ன ஆகப்போவுது? திற."

பனிக்காற்றும் பக்கத்துப் பண்ணைச் சாண நாற்றமும் உள்ளே வந்தன. அவள் கண்ணை மூடி இழுத்தாள். "வருது. பிரமாதமா வருது."

அவர் தேநீர் போடப் போனதும் என்னைப் பார்த்தாள். "செடி எனக்கு முந்திக்கிச்சா?"

"ஆமா."

"அவன்கிட்ட வாயைத் திறக்காதே."

அந்த வாரமே போய்விட்டாள்.

பிப்ரவரிக் கூட்டத்தில் தலைவர் கறுப்பு டையோடு எழுந்தார். "ஒரு திருத்தம். தோண்டத் தெரிஞ்ச கைக்கு டாஃப்னி பிழைக்கும். பூத்துச்சு. மியூரியல் முகர்ந்தா. இவர் சாட்சி."

அந்த மொட்டைக் குச்சியைத் தெருவிலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"என் வீடு வரைக்கும் மணந்துச்சு," என்றேன்.

கைதட்டினார்கள். தலைவர் உட்கார்ந்து தேநீரை எடுத்தார். கைதட்டல் நின்ற பிறகும் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.