பட்டியலில் இல்லாத அழகுபாண்டி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான்.

மதுரையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர், தன் நாட்டின் சுதந்திர இலட்சியம் அதன் போர்க்கால வெளியுறவுக் கொள்கையை எப்படி வடிவமைத்தது என்று ஆங்கிலத்தில் பேசினார். பத்தி பத்தியாக அதைத் தமிழில் சொல்வது என் வேலை. கேள்வி நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிரியாணி போட வந்திருந்த கோரிப்பாளையம் முகைதீன் பிச்சை பின்வரிசை ஓரமாக நின்று கையைத் தூக்கினார். அவர் கேட்டதைத்தான் நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். மாற்றி என்றால், நிஜமாகவே மாற்றி.

அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அதில் பாதி என்மேல். (கால்வாசி என்று எழுதித் தப்பிக்கப் பார்த்தேன். பாதியே இருக்கட்டும்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பாலைவனத்துச் சூரியன் ஒரு ரத்தப்பழம்போல மெல்ல மெல்ல...’

பிச்சையிடம் வாசித்துக் காட்டினேன். “சூரியனை யாரு சார் பாத்தா? நான் கூடாரத்துக்குள்ளதேன் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன்” என்றார். அடித்துவிட்டேன்.

அடுத்து: ‘மனிதர் அனைவரும் பிறப்பால் சுதந்திரமானவர் என்று அறிவித்துப் பிறந்த ஒரு தேசம்...’ அதையும் விட்டுவிட்டேன். கட்டுரை எழுதுவது சுலபம். கட்டுரையில் யாரும் சாவதில்லை.

3

2004. பிச்சைக்கு அப்போது இருபத்தாறு வயது. குவைத்தில் ஓட்டல் வேலை என்றுதான் ஏஜெண்ட் சொன்னான். அதே விமானத்தில் போனவன் அவனியாபுரம் அழகுபாண்டி. முத்துமீனாவைக் கல்யாணம் கட்டி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. குவைத்தில் இறங்குவதற்குள் இருவரும் மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்ளும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். இறங்கியதும் கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினான். மூன்றாம் நாள் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னலுக்கெல்லாம் திரை. பஸ் போய் நின்ற இடம் ஈராக். அமெரிக்கப் படையின் முகாம்.

பிச்சைக்குச் சமையல். அழகுபாண்டிக்குச் சலவை. சாப்பாட்டுக் கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு பேனர், சுதந்திரத்தைக் காப்போம் என்று. அதற்குக் கீழே நின்றுதான் பிச்சை தினமும் முட்டை பொரித்தார்.

(அந்தப் படையெடுப்புக்கு அவர்கள் வைத்த பெயரிலேயே சுதந்திரம் இருந்தது. இது என் கற்பனை இல்லை. நானாக வைத்திருந்தால், ‘இம்புட்டு அப்பட்டமாவா எழுதுவ?’ என்று நண்பர்கள் கேட்டிருப்பார்கள்.)

ஜூலை நான்கு, அவர்களுடைய சுதந்திர தினம். பிச்சை சிவப்பும் நீலமுமாகப் பெரிய கேக் செய்தார். வாங்க வந்த ஒரு சிப்பாய் தோளில் தட்டி வாழ்த்துச் சொன்னான். நல்லவன்தான். அந்தத் தைரியத்தில் பிச்சை அரைகுறை இங்கிலீஷில் கேட்டார்: “சார், நான் ஊருக்குப் போகணும். பாஸ்போர்ட் கம்பெனி பூட்டி வச்சிருக்கு.” சிப்பாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது கம்பெனி விஷயம், எங்களால் தலையிட முடியாது என்றான்.

ஒரு தேசத்தையே திறந்துவிடப் படையோடு வந்தவர்களுக்கு ஒரு மேஜை டிராயரைத் திறக்க அதிகாரமில்லை.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் முகாமில் குண்டு விழுந்தது. அபாயச் சங்கு ஊதியதும் சிப்பாய்கள் கான்கிரீட் பதுங்குமிடத்துக்கு ஓடினார்கள். வேலையாட்களுக்கு அங்கே இடமில்லை. பிச்சை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் குப்புறப் படுத்துக் கிடந்தார். சத்தம் நின்றதும் சலவைக் கூடாரத்துக்கு ஓடினார். துவைத்து மடித்த சீருடைகளுக்கு நடுவில் அழகுபாண்டி கிடந்தான்.

[இங்கே மூன்று வரி இருந்தது. எடுத்துவிட்டேன். முத்துமீனா இதை வாசிப்பார்.]

உடல் ஊருக்கு வந்தது. கூடவே வந்த காகிதத்தில் எழுதியிருந்தது: ‘குவைத். சாலை விபத்து.’ ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம் கழித்துத் திரும்பிய பிச்சை, நேராக அவனியாபுரம் போய் நடந்ததைச் சொன்ன பிறகுதான் முத்துமீனாவுக்கு உண்மை தெரிந்தது.

4

கருத்தரங்குக்கு வருகிறேன். பேராசிரியர் திரையில் ஒரு எண்ணைக் காட்டினார். ஈராக் போரில் சுதந்திரத்துக்காக உயிர் கொடுத்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு பெயரும் எங்கள் பட்டியலில் இருக்கிறது என்றார். குரல் தழுதழுத்தது. நானும் தழுதழுத்தே மொழிபெயர்த்தேன்.

அப்போதுதான் பிச்சை கேட்டார்: “சார், அந்தப் பட்டியல்ல அழகுபாண்டின்னு ஒரு பேரு இருக்கா? உங்க கேம்ப்ல துணி துவைச்சான். உங்க சண்டையிலதேன் செத்தான். ரோட்டுல அடிபட்டுச் செத்தான்னு எழுதி அனுப்பிட்டாய்ங்க. சுதந்திரம், சுதந்திரம்னு இம்புட்டு நேரம் பேசுனீங்களே, ஒருத்தன் சாவையாவது உள்ளபடி எழுதக்கூடாதா?”

முன்வரிசையில் கல்லூரி முதல்வர் நெளிந்தார். விருந்தாளி மனம் கோணக்கூடாது என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: ‘போர்க்களங்களில் வேலை பார்த்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பற்றிப் புள்ளிவிவரம் உண்டா என்று கேட்கிறார்.’

அருமையான கேள்வி என்றார் பேராசிரியர். தரவுகள் முழுமையாக இல்லை, இலட்சியத்துக்கும் நடைமுறைக்கும் இடைவெளி இருப்பது இயல்பு என்றார். நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் பிச்சை கையைக் காட்டி நிறுத்தினார்.

“வேணாம் சார். ரெண்டு வருசம் அங்க கெடந்தவன், இங்கிலீஷ் வெளங்கும். நீங்க சொன்னதும் வெளங்குச்சு. நான் ஒரு பேருல்ல கேட்டேன்?”

பிறகு நேராகப் பேராசிரியரைப் பார்த்து, “சார், ஒன்லி ஒன் நேம். அழகுபாண்டி” என்றார்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். வருந்துகிறேன், எனக்குத் தெரியாது என்றார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் தெரியாமல் இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. அந்த வசதி முத்துமீனாவுக்குக் கிடைக்கவில்லை. அவசரமாக நன்றியுரை சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். பிச்சை பிரியாணி அண்டாவின் தம் உடைக்கப் போய்விட்டார்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது. (ஒருவரும் தட்டவில்லை. பசி நேரம்.)

பேராசிரியர் ஊர் திரும்பி, போராடி, அந்தப் பெயரைப் பட்டியலில்... (வாக்கியம் நகர மறுக்கிறது.)

பிச்சை என்னை மன்னிக்கிறார். இதை மட்டும் நேரில் போய்க் கேட்டுப் பார்த்தேன். “மன்னிக்க என்ன சார் இருக்கு? வண்டியில ஏறுங்க” என்று அவனியாபுரத்துக்குக் கூட்டிப்போனார்.

6

கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் முத்துமீனா வேலை பார்க்கிறார். தையல் மெஷினை நிறுத்தாமலே பேசினார்.

“கதை எழுதுறவராமே? எழுதுங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. இங்கிலீஷ்ல. நான் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை மாத்தாம.”

பிச்சை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தது. பேனாவை எடுத்தேன்.

‘என் வீட்டுக்காரர் அழகுபாண்டி ரோட்டில் சாகவில்லை. போரில் செத்தார். காகிதத்தைத் திருத்துங்கள்.’ அவ்வளவுதான். தொடக்கத்தில் ‘பணிவுடன்’ என்று நானாகச் சேர்த்திருந்தேன்.

“பணிவு எதுக்கு? அதை அடிங்க.”

அடித்தேன்.

பதினோரு நாளில் பதில் வந்தது. பட்டறைக்கே போய் வாசித்துக் காட்டி, தமிழிலும் சொன்னேன்: ‘எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி. உங்கள் திருப்தியே எங்கள் நோக்கம்.’

அப்போதுதான் அவர் மெஷினை நிறுத்தினார். “கீழ யாரு கையெழுத்து?”

“யாருமில்ல. மெஷினே தானா அனுப்புறது.”

“அப்ப மறுபடி எழுதுங்க. மனுசன் யாராச்சும் பேரு போட்டுப் பதில் சொல்லணும்னு எழுதுங்க.”

நாலு கடிதம் ஆகிவிட்டது. பெயர் போட்ட பதில் இன்னும் வரவில்லை. நேற்று இந்தக் கதையை வாசித்துக் காட்டினேன். கடைசியில் மனதைத் தொடும்படி ஒரு பத்தி வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“அது வேணாம் சார். பதில் வராம முடிச்சிராதீக. முடிச்சிட்டா வாசிக்கிறவுக மூடி வச்சிட்டுப் போயிருவாக.”

முடிக்கவில்லை.