பிச்சை முகம்மதுவின் மத்தியானத் தட்டு

தொண்ணூற்றிரண்டில், சீனி வியாதிக்காரன் நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது பிச்சை முகம்மது தலையை ஆட்டிவிட்டு வந்தார். ராஜபாளையத்து மில்லில் சூப்பர்வைசருக்கு ஆட்டி ஆட்டிப் பழகிய தலை அது. டாக்டரை அவர் நம்பவில்லை. ஊசி போடுகிற எவனையும் நம்பியதில்லை.

அவர் மனைவி ஹபீபுன்னிசா நம்பினாள். "முடியாதவிய ஏழைக்குச் சோறு போட்டாப் போதும்னு பள்ளிவாசல் அசரத்தே சொல்லிட்டாரு."

"அவருக்குச் சீனி இருக்கா? இருந்தா அவரு நோன்பை விடுவாராட்டி?"

ரமலான் பிறந்ததும், தான் நோன்பு பிடித்துக்கொண்டே மத்தியானம் அவருக்குக் கேழ்வரகுக் களியும் கீரையும் ஆக்கி வைத்தாள்; ராத்திரி பக்கத்தில் நின்று சீனி மாத்திரையை விழுங்க வைத்தாள்.

பிச்சை முகம்மது தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைக்கு நடப்பார். "நோன்பாளி முன்னால உக்காந்து திங்க வெக்கமா இருக்குட்டி." அவளுக்கு மனசு குளிர்ந்துவிடும். கொல்லையில் பக்ரீதுக்கென்று வளர்த்த கிடாய், தட்டை நக்கித் துடைத்துக் கொடுக்கும். விடியுமுன் நோன்புச் சாப்பாட்டுக்கு அவள் எழுவதற்கு முன்னாலேயே, ஒன்றுக்குப் போகிற சாக்கில் எழுந்து, பழைய சோற்றை ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வார். சீனி வியாதியில் அது ஒரு வசதி. எத்தனை தடவை எழுந்தாலும் ஏனென்று யாரும் கேட்பதில்லை.

நோன்பு இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செல்லக்கனி வந்து சேர்ந்தாள். மதுரைக் காலேஜில் சாப்பாட்டைப் பற்றிப் படிக்கிற பெண். வயசானவர்கள் எதைத் தின்றால் சீனியும் ரத்தக்கொதிப்பும் தள்ளி நிற்கும் என்று ஆராய்ச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு வீடாகத் தராசோடு நுழைந்து, தின்னுமுன் ஒரு தடவை, தின்றபின் ஒரு தடவை தட்டை எடை போட்டாள். ஆளையும் எடை போட்டாள்.

பிச்சை முகம்மது தட்டு தினமும் காலியாக வந்தது. ஆளோ இளைத்துக்கொண்டே வந்தார்.

"இம்புட்டுக் களி சாப்பிட்டும் எடை குறையுதே பாய் தாத்தா! எங்க மேடம் கேட்டாத் துள்ளிக் குதிப்பாங்க."

ஹபீபுன்னிசா பெருமை தாங்காமல் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். மறுநாளே சீனி உள்ள ஆம்பிளைகள் அத்தனை பேர் தட்டிலும் களி விழுந்தது. எதிர்வீட்டு மாரிச்சாமி வந்து பல்லைக் கடித்தார். "யோவ் பாய், உன்னால என் வீட்டுல இட்லி போச்சுய்யா." பிச்சை முகம்மதுக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அவர் எப்படி மென்று தின்கிறார் என்று பார்த்துவரச் சொன்னாராம் மேடம். செல்லக்கனி கொல்லைக்கே வந்து எதிரில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஹபீபுன்னிசாவும் பெருமையாக நிலைப்படியில் நின்றாள்.

"சாப்பிடுங்க தாத்தா."

"பொம்பளப் புள்ள பாத்துக்கிட்டிருந்தா எறங்காது."

"நான் உங்க பேத்தி மாதிரி."

"உன் தராசு சரியில்ல. மொதல்ல அதைப் போயி மாத்திட்டு வா."

"ரகசியம் தராசுல இல்ல தாத்தா, தட்டுலதான் இருக்கு. சாப்பிடுங்க."

களியை உருட்டினார். உருண்டை வாய்வரை போனது. இத்தனை நாள் ஊரை ஏய்த்துக் காப்பாற்றிய நோன்பு. உருண்டையைத் தட்டிலேயே போட்டார்.

"நான் நோன்பு."

"நோன்பா?" ஹபீபுன்னிசா அலறினாள். "அப்பத் தெனமும் தட்டைக் காலி பண்ணினது ஆரு?"

கிடாய் கயிற்றை இழுத்துக்கொண்டு தட்டைப் பார்த்துக் கத்தியது.

செல்லக்கனிக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப நான் எழுதினதெல்லாம்?"

"கெடாவுக்குச் சீனி வராது தாயி. அம்புட்டுதான் எழுத முடியும்."

சொன்னவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. செல்லக்கனி அவர் விரலைப் பிடித்துக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சீனி பார்க்கிற அட்டையில் தொட்டு, டப்பாவில் இருந்த வண்ணத்தோடு ஒத்துப் பார்த்தாள். "மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கெடந்ததுல சீனி ரொம்ப எறங்கிருச்சு. இப்பவே சீனித்தண்ணி குடிக்கணும். விட்டா மயங்கிருவாங்க."

ஹபீபுன்னிசா ஓடிப்போய்க் கரைத்து வந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொழுது சாஞ்சு மஃரிபுக்குப் பாங்கு சொல்லட்டும்."

"நீங்க இப்பக் குடிக்காட்டி, பாங்கு சொன்னாலும் நான் நோன்பு தெறக்க மாட்டேன். நாளைக்கும் மாட்டேன். சேந்தே போய்ச் சேருவோம்."

சொன்னால் செய்கிறவள். பிச்சை முகம்மது டம்ளரை வாங்கி, பிஸ்மி சொல்லி, ஒரு வாய் குடித்தார். இனிப்பு நாக்கில் பட்டு வருசக்கணக்காகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு டம்ளரை நீட்டினார்.

"இந்தப் புள்ளதான்ட்டி சரியான டாக்டரு. இன்னொரு டம்ளர் கலக்கு. சீனியைக் கொஞ்சம் கூடப் போடு, ஆராய்ச்சிக்கு வேணும்."

ஹபீபுன்னிசா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு களித்தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"தின்னுங்க. நான் இங்கனதான் நிக்கேன்."